4.96 குதிரை

1

இந்தக் கதை என் வீட்டு மோட்டார் கெட்டுப்போனதில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றைச் சொல்ல ஆசைதான். என் மற்றக் கதைகளைப் பற்றி யாராவது கேட்டால், பேருந்து நிறுத்தத்தில் பார்த்த ஒரு முகம், தொலைபேசியில் கேட்ட ஒரு குரல் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பழுதுபார்ப்பவர் வந்தார். ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார். மோட்டார்மேல் அறைந்திருந்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்:

"அஞ்சு குதிரைன்னு எழுதியிருக்கும்மா. நாலுதான் இழுக்குது. ஒண்ணு படுத்துக்கிச்சு."

நான் சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு அடங்கி ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அஞ்சு என்று எழுதியது யார்? எண்ணிப் பார்த்துத்தான் எழுதினாரா? எந்தக் குதிரையைப் பார்த்து எழுதினார்?

தேடிப் படித்தேன். குதிரைத்திறன் என்பது விற்கிறவர்கள் பக்கத்திலிருந்து வந்த அளவு. நீராவி இயந்திரம் விற்க வேண்டும். வாங்க வேண்டியவரிடம் இருப்பது குதிரை. இந்த இயந்திரம் இத்தனை குதிரைக்குச் சமம் என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும். அதற்காக ஒரு குதிரைக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைக் குறித்தார்கள். அந்த எண் கொஞ்சம் தாராளம் என்கிறார்கள். நிஜக் குதிரை சில நொடிகளுக்கு அதைவிடப் பல மடங்கு இழுக்குமாம். நாள் முழுக்க இழுக்கச் சொன்னால் அந்த அளவுக்கு வராதாம்.

இதைப் படித்ததும் எனக்கு என் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். இதுவரை முப்பத்தொன்று. முப்பத்தொரு கதாநாயகர்கள்மேல் ‘நல்லவன்’ என்று தகடு அறைந்து அனுப்பியிருக்கிறேன். ஒருவனையும் சுமையேற்றிச் சோதித்ததில்லை.

முப்பத்திரண்டாவது ஆளைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்:

மழை ஓய்ந்த மாலையில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அவனுடைய—

(அடித்துவிட்டேன். என் கதைகளில் கதாநாயகன் வந்தாலே மழை ஓய்ந்துவிடுகிறது. இவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்:

ஒரு நொடியில் எழுபத்தைந்து கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்குத் தேவையான—

(இதைப் படித்தால் பரீட்சை எழுதச் சொல்வார்களோ என்று நீங்களே புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.)

மூன்றாவது:

கயிறு சூடேறும் வாசனை வந்தது.

இது இருக்கட்டும்.

3

கயிறு சூடேறும் வாசனை வந்தது. சோதனை மேடையின் உதவியாளரான டிரம்காரர் ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்தார். அது சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறம் வளையமாக ஒட்டிக்கொண்டு ஆவி விட்டது. தராசு குனிந்து, கயிற்றின் இரண்டு முனைகளிலும் மாட்டியிருந்த ஸ்பிரிங் தராசுகளைப் படித்தாள். மேலே பன்னிரண்டு கிலோ. கீழே இரண்டு. நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.

(தராசு என்பது அவளுடைய பெயரில்லை. மோட்டார்களைச் சோதித்துச் சான்று தரும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். நாள் முழுக்கத் தராசைப் படிப்பவள் என்பதற்காக வைத்ததா, ஒருபோதும் முழு எண்ணாக்கி எழுத மாட்டாள் என்பதற்காக வைத்ததா என்று யாருக்கும் ஞாபகமில்லை. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அண்ணனின் மனைவி மட்டும் கோபம் வந்தால், தராசில் வைக்கும் ‘படிக்கல்’ என்பாள்.)

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதையில் குழப்பம் வரக்கூடாது. மோட்டார் ஓடும். அதன் தண்டில் டிரம். டிரம்மைச் சுற்றிக் கயிறு. திருகை முறுக்கினால் கயிறு இறுகி மோட்டாரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மோட்டார் நிற்க மாட்டேன் என்று இழுக்கும். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு இழுத்தது என்று பெருக்கினால் குதிரைத்திறன். தகட்டில் அஞ்சு என்று இருந்தால் அஞ்சுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

கணக்குப் போட்டாள். 4.96.

"அஞ்சுன்னே வச்சுக்கலாமே, மேடம்," என்றார் டிரம்காரர். மாதத்துக்கு ஒரு முறையாவது அவர் இதைச் சொல்வார். அவள் பதில் சொல்ல மாட்டாள். அது அவர்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வது மாதிரி.

அங்கே வரும் மோட்டார்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. எந்தப் பட்டறை அனுப்பியது என்று சோதிப்பவருக்குத் தெரியாது. தகட்டில் பட்டறைப் பெயர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அன்று டிரம்மைக் கழற்றும்போது மோட்டாரின் காலடியில் வழிந்து உறைந்திருந்த பெயின்ட்டைப் பார்த்தாள். கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை. இரண்டு டப்பாக்களின் மிச்சத்தை ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் வரும் ஒரு பச்சை.

அந்தப் பச்சையை அவள் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறாள். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த ஒரு வலது கட்டைவிரல் நகத்தின் இடுக்கில்.

4

அந்தக் கட்டைவிரலுக்கு உரியவனை அவள் வீட்டில் ஏற்கெனவே ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். ஆனால் அதை ஒரு சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது.

மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான் என்பது வீட்டில் தெரிந்ததுதான். ஊரில் அப்படி நாற்பது பட்டறை. அவனுடைய மோட்டார் தன் டிரம்மில்தான் ஓடுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

சம்பந்தம் வந்த கதை இது. அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் ஓர் அம்மாள் வந்து பதினேழு ஃபிரேம்களை மாட்டிப் பார்த்தார். பதினேழுக்கும் அண்ணியோடு பேசினார். கடைசியில் ஒரு ஃபிரேமையும், அண்ணிக்குக் கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள் என்ற தகவலையும் எடுத்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொன்னது: "கண்ணாடி வாங்க வந்தவங்க உன்னையும் சேர்த்துப் பொட்டலம் கட்டச் சொல்லுவாங்க போலிருக்கு."

அந்த அம்மாளின் மகனான அவன் அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். முதல் முறை தராசுவின் அப்பா நாற்பது நிமிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசியதைக் கேட்டான். நடுவில் கைபேசியை எடுக்கவில்லை. பிறகு இருவரையும் பால்கனியில் விட்டார்கள். இதற்கு முன் வந்தவர்கள் அங்கே நின்று, வேலையை விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சமைக்கத் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். இவன் கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்:

"உங்க லேப்ல கயிறு பிரேக்கா, மெஷின் பிரேக்கா?"

"கயிறுதான்."

"அப்ப கை காய்ச்சுப்போகுமே."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த வாக்கியம் அவளோடு இருந்தது. அப்பா, அண்ணன் யாருமே அவள் வேலையை இத்தனை பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. இரண்டாவது ஞாயிறு அவன் வருவதற்கு அரைமணி முன்பே அவள் பால்கனியைப் பெருக்கிவிட்டாள்.

(இந்த இடத்தில் உங்களுக்கு அவனைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது. பிடிக்கவேண்டும் என்று திட்டமிட்டுத்தான் எழுதினேன். அதனால்தான் இப்போது அவன்மேல் எனக்குச் சந்தேகம்: எழுதிய எனக்குத் திட்டம் இருந்தது என்றால், பேசிய அவனுக்கு இருக்காதா?)

5

பச்சையைப் பார்த்தவள் அதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். தராசு போகவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ‘வெளித்தோற்றம்’ என்று ஒரு பத்தி உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, அவள் கையெழுத்திலேயே இருந்தது: பச்சை, கலவை நிறம். மோட்டார் எண் வேறு. முடிவு 4.96. தேறவில்லை. கீழே அவளுடைய கையெழுத்து.

அன்று மதியமே கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. அண்ணி லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குக் கண் பரிசோதனை செய்த சீட்டைக் காட்டச் சொன்னதும் அண்ணியின் கை நின்றது.

"எதுக்கு?"

"தேதி பார்க்கணும்."

"ஜாதகம் பார்க்கறவங்களைப் பார்த்திருக்கேன். மாமியார் கண்ணைப் பார்க்கறவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள் அண்ணி. ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள்.

பதினான்காம் தேதி. ஒன்பதுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் என்ன நடந்திருக்கும் என்று தராசு நின்றபடியே கட்டிப் பார்த்தாள். மோட்டார் தேறவில்லை என்று தாள் போகிறது. தாளில் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று விசாரிக்கிறான். கல்யாணமாகாதவள் என்று தெரிகிறது. கையெழுத்தை மாற்ற முடியாது. கையெழுத்துப் போடுகிறவளை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். கயிறா மெஷினா என்று அவன் கேட்டதும் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. பால்கனியில் அவ்வளவு மென்மையாகக் கேட்டவன், தன் மோட்டார் எதில் தோற்றது என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறான்.

அண்ணியிடம் சொன்னாள். அண்ணி துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தாள். வந்த வரன்களை எல்லாம் தராசு எடைபோட்டுத் திருப்பியனுப்பியதை அண்ணி பார்த்திருக்கிறாள். ஒருவன் அதிகம் சிரித்தான், ஒருவன் சிரிக்கவே இல்லை. அதனால் இதையும் ஒரு சாக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு சீட்டை வாங்கித் தேதியை ஒரு முறை பார்த்தாள்.

"போய்க் கேட்டுடு," என்றாள். "மனசுக்குள்ள வச்சுக்கிட்டு மணவறையில உட்காராதே."

6

அவள் சொல்லாமல் போனாள். மறுநாள் மதிய இடைவேளை. பட்டறை ஒரு நீண்ட தகரக் கூரை. வாசலில் செம்புக் கம்பிச் சுருள்கள், உள்ளே வார்னிஷ் வாசனை, கடைசல் இயந்திரத்தில் ஒருவர், மூலையில் அந்தப் பச்சை டப்பா.

அவளைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்தான். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷமா, பயமா?

(இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ‘அவன் முகம் மலர்ந்தது’ என்று எழுதினால் என் பழைய புத்தகம் ஆகிறது. ‘அவன் முகம் வெளிறியது’ என்றால் போலீஸ் கதை ஆகிறது. நிஜத்தில் பட்டறையில் வெளிச்சம் போதாது. அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.)

சாப்பிட்டீர்களா என்று கேட்டான். அவள் ஒரு அஞ்சு குதிரை மோட்டாரைத் தன் கண்முன்னால் ஓட்டிக் காட்டும்படி கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மூலையில் இருந்த சோதனை மேடையின் சாக்கை விலக்கினான். அங்கும் அதே அளவு டிரம், அங்கும் கயிறு, அங்கும் இரண்டு ஸ்பிரிங் தராசு. மேடைக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பெயின்ட்டில், அவனுடைய அப்பா எப்போதோ எழுதி வைத்த சூத்திரம். மோட்டாரை மாட்டினான். திருகை முறுக்கினான். அவளே குனிந்து படித்தாள்.

மேலே பன்னிரண்டு. கீழே இரண்டு. ஆயிரத்து நானூற்று நாற்பது.

அப்படியே அவளுடைய எண்கள். இதை வைத்துக்கொண்டு இவன் எப்படி அஞ்சு என்று தகடு அடிக்கிறான்?

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டான். "அஞ்சு புள்ளி பூஜ்யம் மூணு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாள். "நாலு புள்ளி ஒன்பது ஆறு."

"திரும்பப் போடுங்க."

"நீங்க போடுங்க."

இருவரும் திரும்பப் போட்டார்கள். அதே இரண்டு விடைகள் தரையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன. கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

தராசுதான் கண்டுபிடித்தாள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் வாட்டாக மாற்றி, எழுநூற்று நாற்பத்தாறால் வகுப்பார்கள். அவனுடைய சுவர் வாட்டையே அறியாது. கிலோவையும் மீட்டரையும் வைத்துக்கொண்டு நேராக நாலாயிரத்து ஐந்நூறால் வகுத்தது. அந்த நாலாயிரத்து ஐந்நூறை அவள் வாட்டாக்கிப் பார்த்தாள். ஒரு குதிரைக்கு எழுநூற்று முப்பத்தைந்தரைதான் வந்தது.

"உங்க குதிரை சின்னது," என்றாள்.

உண்மையிலேயே குதிரையில் இரண்டு ஜாதி இருக்கிறது. பவுண்டும் அடியும் வைத்துப் பிறந்தது ஒன்று. கிலோவும் மீட்டரும் வைத்துப் பிறந்தது இன்னொன்று. இரண்டுக்கும் பத்து வாட்டுக்குச் சற்று அதிகமாக வித்தியாசம். தகட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். (நான் தேடிப் படித்தபோது இரண்டு எண்களையும் பார்த்தேன். ஒன்று அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.)

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். மூன்று வாரமாக அவன் கம்பிச் சுற்றைக் கூட்டிக் குறைத்து, பேரிங்கை மாற்றி, எங்கே அந்தக் கொஞ்சம் ஒழுகுகிறது என்று தேடியிருக்கிறான். இனிமேல் குதிரையே வேண்டாம், கிலோவாட் என்று தகடு அடித்துவிடுகிறேன் என்றான். கடைசல்காரர், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றார். அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை.

என் முந்தைய புத்தகங்களில் கதை இங்கே முடியும். இருவரும் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள், தலைகள் மோதுகின்றன, சாக்பீஸ் உருள்கிறது—

(மோதவில்லை.)

ஏனென்றால் நிமிரும்போது அவள் கண்ணில் பட்டது, மேடைக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருந்த தாள்கள். மேலாக இருந்தது சென்ற மாதத்துத் தாள். அவள் கையெழுத்தின் அடியில் பென்சிலால் மெல்லக் கோடு போட்டிருந்தது.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் கேட்டு வந்தீங்களா?"

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கடைசல்காரர் இயந்திரத்தை மறுபடியும் ஓட விட்டார், நல்ல மனிதர்.

"ஆமா."

"உங்க அம்மாவுக்குக் கண்ணு?"

"அம்மாவுக்கு நிஜமாவே கண்ணு சரியாத் தெரியலை. அந்தக் கடைக்கு அனுப்பினது நான். மோட்டாரைத் திருப்பி எடுக்க வந்தப்ப டிரம்காரர்கிட்ட விசாரிச்சேன், உங்க அண்ணி அங்க வேலை பார்க்கறாங்கன்னு சொன்னார்."

"எதுக்கு?"

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் ஒன்றுமில்லை. "நாலு புள்ளி ஒன்பது ஆறை எல்லாரும் அஞ்சுன்னு எழுதிடுவாங்க. எங்க அப்பா எழுதியிருப்பார், நானும் எழுதியிருப்பேன். இந்தக் கையெழுத்து எழுதலை. யாருடா இதுன்னு பார்க்கணும்போல இருந்தது."

"ரெண்டு தடவை எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏன் தேறலைன்னு."

"கேட்டா, அதுக்குத்தான் வந்தேன்னு நினைப்பீங்க."

"கேட்காததாலதான் இப்ப நினைக்கிறேன்."

அவன் துணியை மேடைமேல் போட்டான். குரலை உயர்த்தாமல் கேட்டான்: "நீங்க மோட்டாரைச் சோதிக்க வந்தீங்களா, இல்ல, என்னை வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேடிக்கிட்டு வந்தீங்களா?"

இந்த வரியை நான் திட்டமிடவில்லை. அவன் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது: நானும் தராசுவும் ஐந்து பக்கமாக அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், அவன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெரு முனை வரை வேகமாகவும், அதன்பிறகு மெதுவாகவும் நடந்தாள்.

7

இங்கே நான் நான்கு நாள் எழுதவில்லை.

‘யாருடா இதுன்னு பார்க்கணும்போல இருந்தது.’ இந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இதைவிட நல்ல காதல் வசனம் நான் எழுதியதில்லை. அவளிடம் மற்றவர்கள் குறையாகச் சொல்லும் ஒன்றைப் பார்த்தே ஒருவன் வந்தான் என்றால், ஒரு பெண்ணுக்கு இன்னும் என்ன வேண்டும்? ஆனால் அவளுடைய கையெழுத்து மட்டும் வேண்டும் என்று வந்தவனும், கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால், இதே வாக்கியத்தைத்தான் சொல்வான். சொல்லை வைத்து இரண்டு பேரையும் பிரிக்க முடியாது. பன்னிரண்டும் இரண்டும் அதேதான். எதால் வகுப்பது என்பதுதான் கேள்வி.

அவனைப் படைத்தவள் நானே, எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. வசனத்தைக் கொடுத்தேன், அதை அவன் என்ன மனதோடு சொன்னான் என்று எழுதாமல் விட்டேன். விட்ட இடத்தில் அவன் தனியாக நின்றுகொண்டான்.

முடிவு, முதல் முயற்சி: அவன் புதுத் தகட்டோடு அனுப்பிய மோட்டார் தேறுகிறது, அவன் அதன்பின் வரவே இல்லை. அவள் அழுகிறாள், அண்ணி—

(இது அவனைத் தண்டிக்கிற முடிவு. சந்தேகப்பட்டது சரி என்று நிரூபித்துக்கொள்ள எனக்கு இருக்கும் ஆசை. அடித்தேன்.)

இரண்டாவது முயற்சி: பத்து வருடம் கழித்து, சுவரில் அந்தத் தாள் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்குகிறது, அவர்களுடைய மகள்—

(இது முப்பத்தொன்றாவது புத்தகம். பெயர்களைக்கூட மாற்ற வேண்டாம்.)

மூன்றாவது முயற்சியாக அவளை அவள் வேலை செய்யும் இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். அங்கே எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

8

யாருடைய மோட்டார் என்று தெரிந்த பிறகு அதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று தராசுவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் நேராக மேலாளரிடம் போனாள். பச்சை பெயின்ட், பதிவேடு, பட்டறை, இரண்டு குதிரை எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் ‘குடும்ப விஷயமாகத் தெரியும்’ என்று சுருக்கினாள். மேலாளர் நிமிராமல் கேட்டுவிட்டு, மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தள்ளினார். ஓரம் மஞ்சளாகியிருந்தது. பத்து வருடமாக அதை யாரும் கேட்டதில்லை போலும்.

படிவம் சின்னது. சோதிப்பவருக்கும் மாதிரி அனுப்பியவருக்கும் உறவு இருந்தால், இந்த மாதிரியும், அந்தப் பட்டறையிலிருந்து இனி வரும் எல்லா மாதிரிகளும் வேறொருவருக்குப் போகும். எப்போதைக்கும். அவள் கை அவனுடைய மோட்டார் எதிலும் இனி படாது. உறவு இல்லையென்றால், இல்லை என்று எழுத வேண்டும். மாதிரி அவளிடமே இருக்கும்.

அவள் பேனாவை எடுத்து ‘தெரிந்தவர்’ என்று எழுதப் போனாள்.

"தெரிஞ்சவர் எல்லாம் உறவு ஆகாதும்மா," என்றார் மேலாளர். "எனக்கு இந்த ஊர்ல பாதிப் பேரைத் தெரியும். உறவு உண்டா, இல்லையா?"

"இன்னும் முடிவாகலை, சார்."

"முடிவாகலைன்னு எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்க. பதினோரு மணிக்குள்ள குடுத்துடு, தபால் போகணும்."

அவள் தாளை எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு வந்தாள். பச்சை மோட்டார் மேடையில் இருந்தது. டிரம்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் எதையோ உளறிவிட்டதைப் புரிந்துகொண்டு, காய்ந்த கயிற்றை மறுபடியும் காயப்போட்டார். அவள் அண்ணிக்குப் போன் செய்து படிவத்தைப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளர், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொல்வது கேட்டது.

"அவர் உன் கையெழுத்துக்காக வந்தவரா, உனக்காக வந்தவரான்னு உனக்குத் தெரியணும். அவ்வளவுதானே?" என்றாள் அண்ணி.

"ஆமா அண்ணி."

"உறவுன்னு எழுதிட்டா உன் கையெழுத்து அவருக்கு இனிமே பிரயோஜனமில்லை. அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை வந்தா, உனக்காக வர்றார்."

"எழுதிட்டா நான் சரின்னு சொன்ன மாதிரி ஆயிடுமே."

"ஆயிடும்."

"வரலைன்னா?"

அண்ணி கண்ணாடி மாட்டியவரிடம் மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டாள். பிறகு போனில், "அழுத்தத்தான் செய்யும், கொஞ்ச நாள்," என்றாள். அது யாருக்குச் சொன்னது என்று தராசு கேட்கவில்லை.

அவள் கதை இப்போது இதுதான். அவனை அளக்க வேண்டுமென்றால் முதலில் அவனை உறவு என்று எழுத வேண்டும். எழுதாமல் அளக்க வழியில்லை. ‘இல்லை’ என்று எழுதினால் சந்தேகம் அவளிடமே பத்திரமாக இருக்கும். அதோடு அவள் இன்னும் பல ஞாயிற்றுக்கிழமைகள் வாழலாம். அவள் இதுவரை அளந்த எதுவும் அவளிடம் எதையும் முன்னதாகக் கேட்டதில்லை.

மணி பத்து ஐம்பது.

என்ன எழுதுவாள் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஆனால் முப்பத்தொரு முறை ஒரே சொல்லை எழுதிப் பழகிய கை என்னுடையது. அதை நான் நம்பத் தயாராக இல்லை. நீங்கள் அவனைப் பார்த்துவிட்டீர்கள். அவன் சொன்னதையும் சொல்லாததையும் நான் மறைக்காமல் வைத்திருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் ஒரு சொல்லுக்குத்தான் இருக்கிறது. நான் இந்தக் கதை நெடுக அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், அடித்தல் திருத்தல் செல்லாது என்று போட்டிருக்கிறது.

சோதிப்பவர்: (கையெழுத்து இருக்கிறது)

மாதிரியின் நிறம்: பச்சை, கலவை

மாதிரி அனுப்பியவருடன் உறவு: ................